சாக்குப்போக்கும் ஒரு ஜோடி சப்பாத்தும்

"நாளையிலிருந்து கண்டிப்பாக ஓடப்போகிறேன்."

இந்த வாக்கியத்தை நான் முதன்முதலில் சொன்னது பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில். அதற்குப் பிறகு எத்தனை முறை சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. கிளமெண்டியில் நான் வாடகைக்கு இருக்கும் வீவக வீட்டின் வாசலில் ஒரு சப்பாத்து அடுக்கு உண்டு. அதன் கீழ்த்தட்டில், முதலாம் ஆண்டு உபகாரச் சம்பளத்தில் நான் ஆசையாக வாங்கிய ஓட்டச் சப்பாத்து, ஒன்றரை ஆண்டுகள் அடி தேயாமல் புத்தம்புதிதாகவே இருந்தது. சிங்கப்பூர் நண்பர்கள் இதைக் காலணி என்பார்கள். எங்கள் ஜொகூர்ப் பக்கம் சப்பாத்துதான். வீட்டுக்கார ஆன்ட்டி ஒருநாள் கேட்டார்: "இது யாருக்கும்மா? ஊருக்கு அனுப்ப வாங்கி வச்சிருக்கியா?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது.

என்னிடம் சாக்குகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. முதல் பருவத்தில் நேரமில்லை. இரண்டாம் பருவத்தில் நேரம் இருந்தது; ஆனால் மாலையில் மழை. மழை இல்லாத நாளில் வெயில். வெயில் தாழ்ந்ததும் சங்கக் கூட்டம். கூட்டம் முடிந்தால் பசி. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகலாம் என்றால் காசு. காசு வேண்டாத பூங்காவுக்குப் போகலாம் என்றால் துணையில்லை. துணை கிடைத்தபோது அவளுக்குத் தேர்வு. ஒன்றை மட்டும் இப்போது உணர்கிறேன். உண்மையான காரணம் என்றால், அதற்கு ஒரு தீர்வு சொன்னவுடன் அது விலகிவிடும். சாக்கு அப்படியில்லை. அதற்குத் தீர்வு சொன்னால் இன்னொரு சாக்கைப் பெற்றுப் போட்டுவிட்டுத்தான் போகும். உங்கள் 'காரணம்' எந்த வகை என்று அறிய இந்தச் சோதனை ஒன்றே போதும்.

இதைச் சொல்லும்போதே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். உடற்பயிற்சி செய்யாத எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். என் அப்பாவையே எடுத்துக்கொள்கிறேன். குளுவாங் பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை இருபத்தெட்டு ஆண்டுகளாக ஓட்டுகிறவர். விடியற்காலை மூன்றரைக்கு எழுவார். ஆலையில் வரிசை நீண்டால் வீடு திரும்ப இரவாகும். நாளெல்லாம் உட்கார்ந்த வேலை. பசியாறுவது கடையில், கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரோடு. நாற்பத்தொரு வயதில் அவருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. "தினம் நடங்க" என்றார் டாக்டர். எப்போது நடப்பார்? அவருடைய 'நேரமில்லை' சாக்கன்று. அது அவருடைய வாழ்க்கை. என் 'நேரமில்லை' அப்படிப்பட்டதா? கைப்பேசியில் நான் ஒரு நாளைக்குச் செலவழித்த நேரத்தை அந்தக் கைப்பேசியே காட்டியது. மூன்று மணி நேரம் பத்து நிமிடம்.

நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் வலது பாதத்தில் ஒரு புண். சப்பாத்து கடித்த புண் என்றுதான் நினைத்தார். இனிப்புநீரால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்ததால் வலி தெரியவில்லை. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. உட்லண்ட்ஸ் கடந்து, லார்க்கினில் பேருந்து மாறி, இரவோடு இரவாக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். கட்டுப் போட்ட காலை நான் பார்த்துவிடக் கூடாதென்று போர்வையை இழுத்து மூடினார். பிறகு கேட்டார்:

"எனக்குத்தான் நேரமில்லாம போச்சு. நீ அங்க நடக்குறியாம்மா?"

"நடக்கிறேன்பா. தினமும்" என்றேன்.

பொய். கிளமெண்டியில் சப்பாத்து அடுக்கிலேயே இருந்தது.

அடுத்த மாதம் நானே ஒரு மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 6.3 மில்லிமோல். 6.1 முதல் 6.9 வரை இருந்தால் இனிப்புநீருக்கு முந்திய நிலை. 7ஐத் தொட்டால் இனிப்புநீர். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பார்ப்பதற்கு ஒல்லி. 'உனக்கென்னடி, நீ காற்றடித்தால் பறப்பாய்' என்று தோழிகள் கேலி செய்யும் உடம்பு. உடற்பயிற்சியைத் தள்ளிப்போட நான் வைத்திருந்தவற்றிலேயே பெரிய சாக்கு அதுதான்: 'நான்தான் குண்டில்லையே!'

இந்தச் சாக்கு நம்மவர்களுக்குச் சற்றும் பொருந்தாது. 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஞ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உயர-எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஞ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடைத் தராசு நம்மை ஏமாற்றும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் நான் கண்டதில்லை. அதே 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும், ஆசியர்களுக்கு அந்தக் குறியீடு 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்றது.

சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களிடையே 16.6, சீனர்களிடையே 9.7. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவின்மீது போர் என்றே அறிவித்தது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. அங்கும் இந்தியர்களிடம்தான் மிகுதி. பாலத்தின் எந்தப் பக்கம் நின்றாலும் இந்த வரிசையில் முன்னால் நிற்பது நாம்தான்.

'பயப்படுத்தினால் ஓடிவிடுவோமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் பயந்தேன். பயம் பதினோரு நாள் நீடித்தது. அந்தப் பதினோரு நாளும் ஓடினேன். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. பதின்மூன்றாம் நாள் மனம் வரவில்லை. பிறகு சப்பாத்து பழைய இடத்துக்கே போய்விட்டது. ஊக்கம் என்று நாம் சொல்வது ஓர் உணர்ச்சி. உணர்ச்சி வரும், போகும். அது வரும்வரை காத்திருப்பவன் அலை ஓய்ந்த பிறகு குளிக்கலாமென்று கடற்கரையில் உட்கார்ந்திருப்பவனைப் போன்றவன்.

தமிழ்ப்பள்ளியில் குறள் ஒப்பித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். பொருட்பாலில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. 61 மடியின்மை. 62 ஆள்வினையுடைமை. ஊக்கத்தோடு வள்ளுவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அதையடுத்துச் சோம்பலுக்கு ஓர் அதிகாரம், உழைப்புக்கு ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். நாமோ முதல் அதிகாரத்திலேயே உட்கார்ந்துவிட்டு, 'எனக்கு ஊக்கம் வரமாட்டேன் என்கிறதே' என்று புலம்புகிறோம்.

எனக்கு வழி காட்டியது ஒரு தைப்பூசம். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை, ஏறத்தாழ 3 கிலோமீட்டர், என் வகுப்புத் தோழியின் அண்ணன் காவடி எடுத்துப் போனார். உடன் நடந்தோம். அவர் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை செய்பவர். மின்தூக்கி பழுதானால் இரண்டு மாடி ஏற முனகுபவர். அவரா 48 நாள் விரதமிருந்து, அதிகாலையில் எழுந்து, வெறுங்காலுடன் இப்படி நடக்கிறார்? கேட்டேன். அவர் சொன்ன பதில்: "விரதத்துல தினமும் காலையில 'இன்னிக்கு மனசு வருதா'ன்னு யாராச்சும் கேப்பாங்களா? மாலை போட்டாச்சு, அவ்வளவுதான்."

இதுதான் நான் சொல்ல வரும் கருத்து. நம்மிடம் மன உறுதி இல்லை என்பது பொய். ஒரு மண்டலம் விரதம் இருக்கிறோம். நம் இஸ்லாமிய நண்பர்கள் ரமலான் முழுவதும் நோன்பிருந்துகொண்டே தேர்வும் எழுதுகிறார்கள். கிறிஸ்துவ நண்பர்கள் தவக்காலத்தில் பிடித்த உணவைத் தொடுவதில்லை. இவற்றில் நாம் வெல்வதற்குக் காரணம் உணர்ச்சிப் பெருக்கன்று. நாள் குறித்தாயிற்று, நேரம் குறித்தாயிற்று, விதி தெரியும், வீடும் நண்பர்களும் கூடவே இருக்கிறார்கள். அன்றாடம் மனத்தோடு பேரம் பேசும் வேலை இல்லை. உடற்பயிற்சியில் மட்டும் தினமும் காலையில் பேரம் பேசுகிறோம். பேரத்தில் எப்போதும் மெத்தைதான் வெல்கிறது.

தேசிய சேவை முடித்து வந்த நம் ஆண் நண்பர்களைப் பாருங்கள். முகாமில் 2.4 கிலோமீட்டரைப் பாய்ந்து ஓடியவர்கள், பல்கலைக்கழகம் வந்த ஆறாம் மாதத்தில் ரொட்டி பிராட்டாவும் தொந்தியுமாக நிற்கிறார்கள். முகாமில் அவர்களுக்கு ஊக்கமா பொங்கி வழிந்தது? இல்லை. விடிந்தால் ஓட வேண்டும் என்று நேரம் குறிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பத்துப் பேர் ஓடினார்கள். நேரமும் ஆளும் போனதும் ஓட்டமும் போய்விட்டது.

ஆய்வும் இதையே சொல்கிறது. லண்டனின் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் அச்சானது. ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, அன்றாடம் ஒரே சந்தர்ப்பத்தோடு இணைத்துச் செய்தார்கள். அது தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. அதில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்த முடிவு வேறொன்று. இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் குலைந்துவிடவில்லை. என் பன்னிரண்டாம் நாள் மழை என்னைத் தோற்கடிக்கவில்லை. 'விட்டது விட்டதுதான்' என்று நான் நினைத்ததே தோற்கடித்தது.

ஆகவே மறுபடியும் தொடங்கினேன், இம்முறை விரதம் போல. செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறரை. அந்தத் தோழி கிளமெண்டி பெருவிரைவு ரயில் நிலையத்தில் வந்து நிற்பாள். நான் போகாவிட்டால் அவள் தனியே நிற்க வேண்டும். இந்த ஒரு வெட்கம் ஆயிரம் ஊக்க உரைகளுக்குச் சமம். உலு பாண்டான் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதையில் இருபது நிமிடம் விரைவு நடை, பத்து நிமிடம் மெதுவோட்டம். மற்ற நாட்களில் வகுப்புக்கு 96ஆம் எண் பேருந்தைப் பிடிக்காமல் கெண்ட் ரிட்ஜ் வரை நடந்தே போகிறேன். மழை வந்தால் எங்கள் புளோக்கின் படிக்கட்டு. படியேறுவதெல்லாம் ஒரு பயிற்சியா என்று எண்ண வேண்டாம். 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தபோது, நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டை மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று கண்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி. ஐந்து நாள், அரை மணி. அவ்வளவே.

பெண்களுக்கு இன்னொரு தடை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. "இருட்டோட ஏம்மா ஓடறே? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று ஆன்ட்டி முதல் வாரம் கேட்டார். ஊரில் அம்மாவும் அதையே கேட்டார். கே. ஜெயமணியைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். நம்மைப் போன்ற ஒரு தமிழ்ப் பெண், 1977 கோலாலம்பூர் தென்கிழக்காசியப் போட்டியில் 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் சிங்கப்பூருக்குத் தங்கம் வென்றவர். 1983இல் இங்கேயே நடந்த போட்டியில் மராத்தானிலும் தங்கம் வென்றவர். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் அவர் சாலையில் ஓடிப் பழகியபோது பார்த்தவர்கள் என்னென்ன நினைத்திருப்பார்களோ! ஆன்ட்டி பதில் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை, "கொஞ்ச தூரம் நானும் வரேன், ஓட மாட்டேன்" என்று தம் சப்பாத்தைத் தேடினார்.

'இதனால் என்ன பயன்? பரம்பரை நோயை நடையா தடுக்கும்?' என்பது கடைசிச் சாக்கு. இதற்குச் சென்னையில் பதில் இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் இனிப்புநீருக்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினம் அரை மணி விரைவாக நடக்கும்படி தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் 39.3 விழுக்காடு. மாத்திரை மட்டும் தரப்பட்டவர்களில் 40.5 விழுக்காடு. அதாவது நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு ஈடாக நின்றன. நடந்தவர்கள் எல்லாரும் தப்பிக்கவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. ஆனால் நூறு பேரில் பதினைந்து பதினாறு பேர் கூடுதலாகத் தப்பித்தார்கள். அந்தப் பதினாறில் ஒருவராக இருக்க முயல்வதற்கு அரை மணி நேரம் அதிக விலையா?

என் கதையில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. சென்ற பருவத் தேர்வு வாரத்தில் ஐந்து நாள் தவறவிட்டேன்; ஆறாம் நாள் போனேன். ஒன்பது மாதம் கழித்து மறுபடி பரிசோதித்ததில் சர்க்கரை 6.0. எல்லைக் கோட்டுக்குச் சற்றே இந்தப் பக்கம். நாளை எந்தப் பக்கம் என்று தெரியாது. சப்பாத்து மட்டும் நன்றாகத் தேய்ந்துவிட்டது.

சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கூட்டங்கள் இரவு ஒன்பதுக்குத் தொடங்கி, நள்ளிரவு பிராட்டாக் கடையில் முடிகின்றன. நானும் தின்றவள்தான், குறை சொல்லவில்லை. மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது நடந்துகொண்டே பேசினால் என்ன? புக்கிட் தீமாவில் ரயில் பாதை இருந்த இடம் இன்று நடைபாதை. 2011 ஜூன் கடைசி நாள்வரை ஜொகூரிலிருந்து தஞ்சோங் பகாருக்கு ரயில் அந்த வழியேதான் போயிற்று. குளுவாங்கிலிருந்து என் தாத்தா வேலைக்கு வந்ததும் அதில்தான். அந்த 24 கிலோமீட்டரையும் ஒரே நாளில் நடக்கச் சொல்லவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்துகொண்டே அடுத்த பட்டிமன்றத் தலைப்பை முடிவு செய்துவிடலாம். வேலையும் குடும்பமுமாக இருக்கும் முன்னாள் மாணவர்களும் வரலாம். மாணவர்களைவிட அவர்களுக்கே இது அதிகம் தேவை.

அப்பா இப்போது சாயங்காலம் குடியிருப்பைச் சுற்றி இரண்டு சுற்று நடக்கிறார், மெத்தென்ற அடிப்பாகம் வைத்த சப்பாத்தோடு. லாரி வேலை பாதி நாளாகக் குறைந்துவிட்டது, சம்பளமும்தான். நடக்கும்போது எனக்குத் தொலைபேசியில் அழைப்பார். "நடந்தியாம்மா?" என்பார். அன்று மருத்துவமனையில் சொன்னது பொய் என்பதைப் போன மாதம்தான் அவரிடம் ஒப்புக்கொண்டேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும்மா. பொய் சொன்னா உனக்குக் கொரல் மாறும்" என்றார். இப்போது கேட்கும்போது உண்மையைச் சொல்கிறேன். சில நாள் அது 'இல்லைப்பா' என்பதாகவும் இருக்கிறது.

வரும் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை. கிளமெண்டி ரயில் நிலையத்தின் கீழே நிற்போம். உங்களுக்கு அன்று மனம் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, கால்கள் வந்தால் போதும்.